மவுஸ் யார் கையில்?

கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் முகம் பார்த்துப் பேசுவதே குறைந்துவிட்டது என்று பெற்றோர் கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். ஆசிரியர் அறையில் எனக்கு வருகிற புகார் நேர்மாறானது. "உங்க லேப் சத்தத்துல பக்கத்து கிளாஸ்ல பாடம் நடத்த முடியல மேடம்." இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணினி அறிவியல் எடுக்கிறேன். அதே லேபில் அதே பிள்ளைகள் ஒரு நாள் தொண்டை வறளப் பேசுகிறார்கள், இன்னொரு நாள் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுந்து போகிறார்கள். ஒரு சிஸ்டத்துக்கு எத்தனை பேர், மவுஸ் யார் கையில், நாற்காலி எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது, கொடுத்த வேலையை ஒருத்தரே முடித்துவிட முடியுமா என்பதையெல்லாம் வைத்துத்தான் அன்றைய நாள் எப்படி இருக்கும் என்பது முடிவாகிறது. இதையெல்லாம் மாற்றுவது ஆசிரியர் கையில் இருக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பழைய லேபில் ஓடுகிற நிலையில் இருந்தவை ஏழெட்டு சிஸ்டம்தான். ஒன்றைச் சுற்றி ஐந்து பேர் நிற்பார்கள். அப்புறம் 2019-ஐ ஒட்டி, தமிழ்நாட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் கொடுத்தார்கள். எங்களுக்கும் கிடைத்தது. இப்போது இருபது இருக்கைகள் இருக்கின்றன, வகுப்பிலோ நாற்பதைத் தாண்டிய பிள்ளைகள். ஆக, சிஸ்டத்துக்கு இருவர், சில இடத்தில் மூவர்.

ஐந்து பேர் நின்ற காலத்தில்தான் மவுஸைக் கவனிக்க ஆரம்பித்தேன். முதலில் வந்து பிடித்தவன் மணி அடிக்கும்வரை விடமாட்டான். கீபோர்டு இரண்டாவது ஆளிடம் இருக்கும். மூன்றாவது ஆள் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பான். நான்காவது, ஐந்தாவது ஆட்களுக்கு அது லேப் பீரியடே இல்லை, முந்தின நாள் மேட்சைப் பேசுகிற நேரம். கொஞ்ச நாள் பார்த்ததும் ஒன்று புரிந்தது. மவுஸைப் பிடிப்பது எப்போதும் ஒரே சிலர்தான்: வீட்டில் லேப்டாப் இருக்கிற பையன், டியூஷன் போகிற பையன், லீடர், ஊரில் வசதியான வீட்டுப் பிள்ளை. வகுப்புக்கு வெளியே யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர் கையில்தான் லேபிலும் மவுஸ் இருந்தது. பெண்பிள்ளைகள் குழுவிலும் இதே கதைதான், அங்கே பிடுங்குவது கொஞ்சம் மரியாதையாக நடக்கும், அவ்வளவுதான்.

பெங்களூரில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த உதய் சிங் பவார், ஜயோஜீத் பால், கென்டாரோ டொயாமா ஆகியோர் கிராமப் பள்ளிகளில் இதையேதான் பார்த்தார்கள். ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றிப் பல பிள்ளைகள், மவுஸ் ஒருவரிடம், மற்றவர்கள் வேடிக்கை. 2006-ல் அவர்கள் ஒரு வழி சொன்னார்கள். ஒரே கம்ப்யூட்டரில் பல மவுஸ்களைச் செருகி, திரையில் ஆளுக்கொரு அம்பு ஓடும்படி மென்பொருள் எழுதினார்கள். பிறகு இந்தியக் கிராமப்புறத்து ஏழை வீட்டுப் பிள்ளைகள் 238 பேரை வைத்து ஆங்கிலச் சொற்களைக் கற்கிற சோதனை ஒன்றை நடத்தினார்கள். ஐந்து பேர் ஒரு கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு மவுஸோடு உட்கார்ந்தபோது, தனி ஆளாகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்த பிள்ளைக்குச் சமமாகக் கற்றுக்கொண்டார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. யார் முந்துகிறார்கள் என்கிற போட்டி விளையாட்டாக வைத்தால் ஒரு மாதிரி, எல்லாரும் சேர்ந்து செய்தால்தான் அடுத்த திரை வரும் என்று வைத்தால் வேறு மாதிரி. இந்த விதி மாறியதும் பையன்களின் கற்றலில் பெரிய வித்தியாசம் தெரிந்தது. பெண்பிள்ளைகள் எந்த விதியிலும் ஏறக்குறைய ஒரே அளவு கற்றார்கள்.

அந்த மென்பொருள் நம் லேபில் கிடையாது. சாதாரண சிஸ்டத்தில் இரண்டு யு.எஸ்.பி. மவுஸ் செருகினால் இரண்டும் வேலை செய்யும், ஆனால் அம்பு ஒன்றுதான். இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். அதனால் மவுஸை விட்டுவிட்டு விதியை எடுத்துக்கொண்டேன்.

ஒருத்தர் 'கை', ஒருத்தர் 'வாய்'. கீபோர்டும் மவுஸும் கையிடம் இருக்கும். என்ன அடிக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை வாயிடம் மட்டுமே இருக்கும். கை தானாக யோசித்து எதையும் அடிக்கக் கூடாது, வாய் கீபோர்டைத் தொடக் கூடாது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1990-களில் கென்ட் பெக் முதலான மென்பொருள் வல்லுநர்கள் பரப்பிய முறைகளிலிருந்து, இரண்டு பேர் ஒரே சிஸ்டத்தில் உட்கார்ந்து ப்ரோக்ராம் எழுதுவது ஐ.டி. கம்பெனிகளில் பழகிப்போன ஒன்று. அங்கே டிரைவர், நேவிகேட்டர் என்பார்கள். பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குக் கை, வாய் என்றால் எடுத்த எடுப்பிலேயே விளங்கிவிடுகிறது.

எப்போது மாறுவது என்பதில்தான் சூட்சுமம். நிமிஷக் கணக்கு வைத்து மாற்றினால், பாதி வரியில் இருப்பவளிடமிருந்து பிடுங்குகிற மாதிரி ஆகிவிடுகிறது, அங்கேயே சண்டை. அவுட்புட் வந்ததும் மாறுங்கள் என்றால், மெதுவாகப் போகிற ஜோடியில் பீரியடு முழுக்க ஒருத்தியே கையாக இருப்பாள். அதனால், அவுட்புட் வந்தாலும் மாறணும், எரர் வந்தாலும் மாறணும் என்று வைத்தேன். இதில் எதிர்பாராத ஒரு நன்மை கிடைத்தது. எரர் வந்தால் இதுவரை முகம் வாடிப்போகும், அடித்தவள்மேல் பழி விழும். இப்போது எரர் வந்தால் அடுத்தவளுக்குக் கீபோர்டு கிடைக்கிறது, ஆகவே ஒரு பக்கம் சந்தோஷம்.

ஒரு ஜோடியைச் சொல்கிறேன். ப்ளஸ் டூ, பைத்தான் என்கிற ப்ரோக்ராம் மொழி. கொடுத்த எண்ணைத் தலைகீழாக்கி அச்சிட வேண்டும், ஒயில் லூப் (while loop) கணக்கு, அதாவது நிபந்தனை பொருந்துகிறவரை உள்ளே இருக்கிற வரிகள் திரும்பத் திரும்ப ஓடும். ஒருத்தி வேகமானவள், அண்ணனுக்கு ஸ்கூலில் கொடுத்த இலவச லேப்டாப் வீட்டில் இருந்தது, விரல் பார்க்காமல் அடிப்பாள். பக்கத்தில் இருந்தவள் வகுப்பில் வாயே திறக்காதவள், பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' சொல்வதற்குள் நான் அடுத்த பெயருக்குப் போயிருப்பேன். அன்று வேகமானவள் கை, மௌனமானவள் வாய். ரன் கொடுத்தார்கள். எண் கேட்டது, 345 என்று அடித்தாள். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

"மிஸ், சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு. ரீஸ்டார்ட் பண்ணவா?"

"நீ கைதானே? வாய் என்ன சொல்லுது?"

நான் இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன். வாய்க்காரி திரையை விரலால் தொட்டுத் தொட்டு வரி வரியாக வந்தாள். வகுப்பு முழுக்க அதற்குள் இரண்டு தடவை சிரித்து அடங்கியது. அவள் விரல் கடைசிக்கு முந்தின வரியில் நின்றது.

"இந்த வரி வெளிய நிக்குதுடி."

"எந்த வரி?"

"பத்தால வகுக்கிற வரி. லூப்புக்கு வெளிய இருக்கு. எண் குறையவே இல்ல, அதான் சுத்திக்கிட்டே இருக்கு. உள்ள தள்ளு."

கண்ட்ரோல் சி அடித்து நிறுத்தி, அந்த வரியின் முன் நான்கு இடம் விட்டு உள்ளே தள்ளினாள். 543 வந்தது. வேகமானவள் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாளே, அந்தப் பார்வைக்காகத்தான் இந்த விதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். தனித்தனி சிஸ்டத்தில் இருந்திருந்தால் முதலாமவள் ரீஸ்டார்ட் செய்துவிட்டு உட்கார்ந்திருப்பாள், இரண்டாமவள் தன் எரரோடு மணி அடிக்கும்வரை தலைகுனிந்து இருந்திருப்பாள். இருவருக்கும் நடுவே ஒரு பேச்சும் நடந்திருக்காது.

தலைக்கு ஒரு சிஸ்டம் கிடைத்தால் நல்லது என்று எல்லாரும் நினைக்கிறோம். விளையாட்டுப் போட்டி, என்.எஸ்.எஸ். கேம்ப் என்று பாதிப் பேர் போய்விடுகிற நாட்களில் எங்களுக்கும் அப்படி அமைகிறது. அந்த நாட்களில் லேபில் ஒரே சொல்தான் கேட்கும்: "மிஸ்… மிஸ்… மிஸ்…" பக்கத்துப் பெண்ணிடம் கேட்டால் ஒரு நொடியில் தீர்கிற சந்தேகத்துக்கும் கை என்னை நோக்கித்தான் உயரும். பிள்ளைகளுக்கு நடுவே ஓடவேண்டிய பேச்சு முழுக்க என் வழியாக ஓட ஆரம்பித்துவிடும். ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று ஓடி ஓடிப் பார்த்தாலும் மூலையில் இருக்கிற இரண்டு பேருக்குப் போய்ச் சேர முடியாது. அதனால் சிஸ்டம் காலியாகக் கிடந்தாலும் பரவாயில்லை என்று இரண்டு பேராகவே உட்கார வைக்கிறேன். காலியாகக் கிடப்பதை ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்டால் பதில் சொல்லிக்கொள்ளலாம்.

இதற்கு ஆதரவாகப் பழைய ஆய்வு ஒன்றும் உண்டு. பள்ளிக்குக் கம்ப்யூட்டர் புதிதாக வந்த 1980-களின் தொடக்கத்தில், நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியைச் சேர்ந்த ஜான் ஹாக்கின்ஸும் அவருடைய குழுவினரும் சிறு பிள்ளைகள் லோகோ என்கிற எளிய ப்ரோக்ராம் மொழியில் வேலை செய்வதைக் கவனித்தார்கள். கம்ப்யூட்டர் பிள்ளைகளைத் தனிமைப்படுத்திவிடும் என்பதுதான் அன்றைக்கும் பயம். ஆனால் வகுப்பின் மற்ற வேலைகளைவிட லோகோ வேலையின்போதுதான் பிள்ளைகள் பாடத்தைப் பற்றி அதிகம் பேசினார்கள், ஒருவருக்கொருவர் அதிகம் உதவினார்கள். அன்று வகுப்பில் கம்ப்யூட்டர் குறைவு, திரை எல்லார் கண்ணுக்கும் தெரிகிற பொது இடம். இன்றைக்குக் கைக்குள் அடங்குகிற திரைக்கு அந்தக் குணம் கிடையாது.

சரி, பேசினால் மட்டும் போதுமா? என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுக்க வேண்டும். பிரிட்டனில் நீல் மெர்சர் என்கிற கல்வியாளர் 1990-களில், கம்ப்யூட்டர் முன்னால் சேர்ந்து வேலை செய்கிற பிள்ளைகளின் பேச்சைப் பதிவு செய்து மூன்று வகையாகப் பிரித்தார். என் பாஷையில் சொன்னால், ஒன்று சண்டைப் பேச்சு ("நான் சொல்றதுதான்டா சரி"). அடுத்தது ஆமாம்சாமிப் பேச்சு ("சரி சரி, நீ சொன்னா சரிதான்"). மூன்றாவது, காரணம் கேட்டு, காரணம் சொல்லி, சேர்ந்து யோசிக்கிற பேச்சு. மூன்றாவது வகை தானாக அதிகம் வருவதில்லை, பழக்க வேண்டியிருக்கிறது என்பதும் அவர் கண்டது. என் லேபில் ஆமாம்சாமிப் பேச்சுதான் பெரிய தலைவலி. நன்றாகப் படிக்கிற பிள்ளை பக்கத்தில் இருந்தால் மற்றவள் தலையாட்டியே ஒரு டெர்மை ஓட்டிவிடுவாள். சத்தம் இல்லாமல், சண்டை இல்லாமல், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அருமையான ஜோடியாகத் தெரியும்.

அதற்கு நான் செய்வது, ரன் கொடுப்பதற்கு முன்னால் இருவரும் தனித்தனியே ரஃப் நோட்டில் 'என்ன அவுட்புட் வரும்' என்று எழுத வேண்டும். எழுதி முடிக்கும்வரை ஒருத்தர் நோட்டை ஒருத்தர் பார்க்கக் கூடாது. பிறகு காட்டிக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ரன் கொடுக்கலாம். வேறாக இருந்தால், யாருடையது ஏன் சரி என்று பேசி முடித்துவிட்டுத்தான் ரன். பெரும்பாலும் அந்த வித்தியாசத்தில்தான் நல்ல பேச்சு பிறக்கிறது. தலையாட்டுகிற பிள்ளை தன் கையால் ஓர் எண்ணை எழுதி வைத்திருக்கிறாள் அல்லவா, அதை அவ்வளவு எளிதாக விட்டுக்கொடுக்க மனசு வராது. கடைசியில் யார் சரி என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். ஆசிரியர் சொன்னால் பக்கம் சாய்ந்த மாதிரி தோன்றுகிற இடத்தில், திரை சொல்வதை இருவரும் கோபமில்லாமல் ஏற்கிறார்கள். கம்ப்யூட்டர் வகுப்புக்குக் கொடுத்திருக்கிற பெரிய உதவியாக நான் நினைப்பது இதைத்தான்.

யாரோடு யாரை உட்கார வைப்பது என்பது இன்னும் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. விட்டுவிட்டால் ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே பென்ச்சில் சேர்ந்துவிடுவார்கள். நம் ஊர்களில் தெரு என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. அதனால் மாதம் பிறந்ததும் சீட்டுக் குலுக்கி ஜோடி போடுகிறேன். பையன்கள் தனி, பெண்கள் தனி, அதற்குள் சீட்டு. படிப்பில் ரொம்ப முன்னால் இருக்கிற ஒருத்தரும் ரொம்பப் பின்தங்கிய ஒருத்தரும் சேர்ந்துவிட்டால் மட்டும் சத்தமில்லாமல் ஒன்றை மாற்றுவேன், இடைவெளி அதிகமானால் பேச்சு வெறும் உத்தரவாகிவிடுகிறது. ஒருமுறை ஒரு பையனின் அப்பா வந்து, "என் பையனை வேற இடத்துல உக்கார வைங்க மேடம்" என்றார். காரணம் அவர் சொல்லவில்லை, எனக்குப் புரியாமலும் இல்லை. "சீட்டு விழுந்தபடி எல்லாருக்கும் ஒரே விதிதாங்க, மாசம் பொறந்தா மாறிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பையன்கள் இரண்டு பேரும் அந்த மாதத்தில் ஜிகிரி தோஸ்து ஆகிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரே எரரை இருவரும் தலையைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். இடைவேளையில் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. லேபுக்குள் பார்த்தது இதுதான்.

உட்காரும் முறையைப் பற்றி இரண்டு வார்த்தை. சிஸ்டம் எல்லாம் வரிசையாக முன்பக்கம் பார்த்திருந்தால் பிள்ளைகளுக்கு எதிரில் இருப்பவரின் முதுகுதான் தெரியும். சுவரோரமாக மூன்று பக்கமும் போட்டு நடுவை காலியாக விட்டால், நாற்காலியைத் திருப்பினாலே வட்டமாகிவிடும். "கை எடு, திரும்பு" என்றால் எல்லாரும் நடுவை நோக்கித் திரும்பிவிட வேண்டும், மானிட்டர் முதுகுக்குப் பின்னால் போய்விடும். திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளையிடம் நான் எதையும் விளக்குவதில்லை. கேபிள் பிரச்சினையால் இடம் மாற்ற முடியாத பள்ளிகளில் நாற்காலிக்குப் பதில் ஸ்டூல் போட்டுப் பாருங்கள், பிள்ளைகள் எளிதாகத் திரும்புவார்கள்.

சுவரோரம் போடுவதால் எல்லாத் திரையும் என் கண்ணில் படும் என்பது இன்னொரு வசதி. ஒரு பிள்ளை பாடத்தை விட்டு வேறு எதையோ திறந்து வைத்தால் கெடுவது அந்தப் பிள்ளையின் படிப்பு மட்டுமல்ல. கனடாவில் 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், வகுப்பில் லேப்டாப்பில் வேறு வேலை பார்த்தவர்கள் தேர்வில் குறைவாக எடுத்தது போக, அந்தத் திரை கண்ணில் படும்படி பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் மற்றவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். பல நாட்டுப் பதினைந்து வயது மாணவர்களுக்கு நடத்துகிற பீசா (PISA) தேர்வின்போது 2022-ல் வளர்ந்த நாடுகளின் மாணவர்களைக் கேட்டதில், சராசரியாக 65 சதவீதம் பேர் சில கணித வகுப்புகளிலாவது டிஜிட்டல் கருவிகளால் தங்கள் கவனம் சிதறுவதாகச் சொன்னார்கள். அடுத்தவர் கருவியால் சிதறுகிறது என்றவர்கள் 59 சதவீதம். 'அவன் கெட்டா அவன்தானே' என்று விட்டுவிட முடியாத விஷயம் இது.

ஸ்மார்ட் போர்டில் வீடியோ போட்டால் வகுப்பு அமைதியாகிவிடும், ஆசிரியருக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். அந்த அமைதியை நான் நம்புவதில்லை. மூன்று நான்கு நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தி, "பக்கத்துல இருக்கறவங்க கிட்ட, இப்ப பார்த்ததுல ஒண்ணு சொல்லுங்க" என்பேன். அவ்வளவுதான், பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஹெட்செட் மாட்டிக்கொண்டு தனித்தனியே எழுதுகிற ஆன்லைன் வினாடி வினாவுக்கும் இதே வைத்தியம்தான். முடிந்ததும் திரையை அணைத்துவிட்டு, குழப்பிய கேள்வி எது என்று ஜோடியாகப் பேசவிட்டுவிட்டுத்தான் வெளியே அனுப்புகிறேன்.

ஆசிரியரின் திரையையும் சொல்லியாக வேண்டும். வருகைப் பதிவு போனில் என்று ஆனதிலிருந்து, வகுப்புக்குள் நுழைந்ததும் நம் தலை குனிந்துவிடுகிறது. நெட்வொர்க் சுற்றிக்கொண்டே இருக்கும், நாமும் அதையே பார்த்துக்கொண்டு நிற்போம். எந்தப் பிள்ளை அழுத முகத்தோடு வந்திருக்கிறது, யார் யாரோடு பேசவில்லை என்பதெல்லாம் அந்த முதல் இரண்டு நிமிஷத்தில்தான் தெரியும். நான் முதலில் ரஃப் நோட்டில் பேர் சொல்லி, முகம் பார்த்துக் குறித்துக்கொள்கிறேன். போனில் ஏற்றுவது அப்புறம், பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போது. நேரக் கெடு இருப்பதால் ரொம்பத் தள்ளிப்போட முடியாது, இருந்தாலும் முகம் முதலில்.

திரை பேச்சைக் கொண்டுவந்த ஒரு காலமும் உண்டு. கொரோனாவில் பள்ளி மூடியிருந்தபோது பிள்ளைகளோடு இருந்த தொடர்பு வாட்ஸ்அப் குழு ஒன்றுதான். வகுப்பில் எழுந்து நின்றாலே திக்குகிற ஒரு பையன், அங்கே எல்லாக் கேள்விக்கும் முதல் ஆளாகப் பதில் போடுவான், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து, நீளநீளமாக. 2021 செப்டம்பர் முதல் தேதி ஒன்பதாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை பள்ளி மறுபடி திறந்தது. நேரில் வந்ததும் அவன் பழையபடி வாயை மூடிக்கொண்டான். அவன் மட்டுமில்லை, ஒருவரை விட்டு ஒருவர் தள்ளி உட்கார்ந்த அந்த மாதங்களில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். அந்தப் பையனைப் பேச வைத்தே தீர்வேன் என்று எழுப்பி நிறுத்தவில்லை. லேபில் ஒரு சிஸ்டத்தில் நோட்பேட் ஃபைல் ஒன்றைத் திறந்து வைத்து, சந்தேகம் இருப்பவர்கள் பேர் போடாமல் அடித்துவிட்டுப் போகலாம் என்றேன். பீரியடு கடைசியில் நான் படிப்பேன், யாராவது பதில் சொல்வார்கள். கேள்வி கேட்டவரே சில நாள் "அது நான்தான் மிஸ், ஆனா நான் கேட்டது அதில்ல" என்று எழுந்துவிடுவார். எழுத்தில் தொடங்கி வாய்க்கு வருகிற பேச்சு அது. கூச்சப்படுகிற பிள்ளைகளுக்கு அந்த வழியை அடைத்துவிடக் கூடாது என்பதால் இன்றும் அந்த ஃபைல் இருக்கிறது. பேர் இல்லாததால் ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் செய்து அடிப்பதும் நடக்கும். அதைப் படிக்காமல் அழித்துவிடுவேன், யார் என்று தேடுவதில்லை. இரண்டு வாரத்தில் அலுத்துப்போய் நின்றுவிடுகிறது.

கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டால் பிள்ளைகளே கற்றுக்கொள்வார்கள் என்பதற்கு சுகதா மித்ராவை எடுத்துக்காட்டுவார்கள். 1999-ல் டெல்லி கல்காஜியில் சுவரில் ஓட்டை போட்டுக் கம்ப்யூட்டர் வைத்தவர். குடிசைப் பகுதிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து தாங்களே பழகினார்கள் என்பது உண்மை. அதைப் போய்ப் பார்த்த மார்க் வார்ஷவர் போன்ற ஆய்வாளர்கள், பெரும்பாலும் பையன்கள்தான் நிற்கிறார்கள், விளையாட்டும் படம் வரைவதுமாகவே நேரம் போகிறது என்று எழுதியதும் உண்டு. மித்ராவின் சோதனைகளில் எனக்குப் பிடித்தது நம் பக்கத்தில் நடந்தது. காளிக்குப்பம் என்கிற ஊரில், 10 முதல் 14 வயது வரையான தமிழ்ப் பிள்ளைகளிடம் உயிரித் தொழில்நுட்பப் பாடத்தை ஆங்கிலத்தில், கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்துவிட்டார். தாங்களாகவே கூடிப் பேசி, அந்தப் பாடத்தைப் படிக்கிற உள்ளூர் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இணையான நிலைக்கு வந்தார்கள். அதற்கு மேல் போக ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்தப் பாடம் தெரியாத ஓர் இளம்பெண், பிள்ளைகளின் பின்னால் நின்று, பாட்டி பேரப்பிள்ளைகளைக் கொண்டாடுகிற மாதிரி, "அட, இதை எப்படிக் கண்டுபிடிச்சே? இன்னொரு தடவ சொல்லு" என்கிற தோரணையில் கேட்டுக்கொண்டே இருந்தார். டெல்லியின் தனியார் பள்ளிப் பிள்ளைகள் அளவுக்கு உயர்ந்தார்கள் என்று 2010-ல் வந்த கட்டுரை சொல்கிறது. லேபில் என் வேலை என்ன என்று கேட்டால் நான் அந்தப் பெண்ணைத்தான் காட்டுவேன். எரரைத் திருத்திக் கொடுத்தால் அந்த ஜோடியின் பேச்சு அங்கேயே நின்றுவிடும். பின்னால் நின்று "எப்படிம்மா?" என்றால் ஒருத்தி சொல்ல ஆரம்பிப்பாள், இன்னொருத்தி "இல்ல மிஸ்" என்று குறுக்கே வருவாள்.

எனக்கு இன்னும் சரியாக வராத இடம் செய்முறைத் தேர்வு. ஆண்டு முழுக்க ஜோடியாகப் பழகிய பிள்ளை பொதுத்தேர்வு ப்ராக்டிகலில் தனியாக உட்கார வேண்டும். மார்க் தனி மார்க். சில பிள்ளைகள் வாய் இல்லாமல் கை ஓடாமல் திணறுகிறார்கள். அதனால் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் முறையை மாற்றுகிறேன். ஒருத்தர் தனியாக அடிக்க வேண்டும், ஜோடி அதே இடத்தில் ஆனால் திரைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். அடிப்பவர் மாட்டிக்கொண்டால் திரையில் இருப்பதை வாயால் விளக்க வேண்டும், முதுகு காட்டி இருப்பவர் கேள்வி மட்டும் கேட்கலாம், விடை சொல்லக் கூடாது. பாதிப் பேர் விளக்க ஆரம்பித்த உடனே தங்கள் தவறைத் தாங்களே கண்டுபிடித்து, "சரி சரி, தெரிஞ்சிடுச்சு" என்று திரும்பிக்கொள்கிறார்கள். மீதிப் பேரைத் தேர்வுக்கு முந்தின வாரம்வரை பழைய ஜோடியிலேயே வைத்திருக்கிறேன். வேறு முறையில் யாராவது இதைச் சமாளித்திருந்தால் கேட்டுக்கொள்ள ஆவலாக இருக்கிறேன்.